வீட்டிலேயே பழைய பத்மினிக்கு பெயிண்ட்: எதுவரை நாமே செய்யலாம்?

பாலக்கோடு_பத்மினி:

எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பாவின் பிரீமியர் பத்மினி, 1988 மாடல், இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. என்ஜின் ஓடுகிறது, பிரேக் வேலை முடிந்துவிட்டது, ஆர்.சி.யும் ரினியூ ஆகி உயிரோடு இருக்கிறது. பாடிதான் பிரச்சினை. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில், புளிய மரத்தடியில் பல வருஷம் நின்ற வண்டி. வெள்ளைக் கலர். இடையில் எப்போதோ யாரோ மேலேயே ஒரு கோட் அடித்திருக்கிறார்கள், அது பானெட்டில் அங்கங்கே செதிலாக உரிகிறது. நாலு கதவிலும் அடிப்பக்கம் கொப்பளித்திருக்கிறது. டிரைவர் காலடியில் மேட்டைத் தூக்கினால் தரை தெரிகிறது. ரன்னிங் போர்டை, அதாவது கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டை, ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் சில இடங்களில் உள்ளே போய்விடுகிறது. ரூஃப், டிக்கி மூடி எல்லாம் பரவாயில்லை.

தர்மபுரியில் ஒரு பட்டறையில் கேட்டேன். வண்டியைத் தட்டிக்கூடப் பார்க்காமல் "பட்டி போட்டு எல்லாம் சரி பண்ணிடலாம், ஒரு வாரத்துல எடுத்துக்கோங்க" என்றார்கள். எனக்கு அங்கேயே நம்பிக்கை போய்விட்டது. இன்னொரு இடத்தில் சொன்ன தொகைக்கு வேறொரு பத்மினியே வாங்கிவிடலாம். அதனால் வீட்டிலேயே செய்யலாம் என்று பார்க்கிறேன். தகர ஷெட் இருக்கிறது, சிங்கிள் பேஸ் கரண்ட், மச்சானிடம் 2 எச்.பி. கம்ப்ரஷர், என்னிடம் கிரைண்டர். அவசரம் எதுவும் இல்லை, மாங்காய் சீசன் முடிந்தால் ஆடியில் இருந்து கை சும்மாதான் இருக்கும்.

பழைய பெயிண்ட் முழுவதையும் உரிக்க வேண்டுமா, இல்லை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மேலேயே அடிக்கலாமா? தானாகவே காயும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டா, ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யூ.வா (பாலியூரித்தேன்)? அப்புறம் வெள்ளையை மாற்றி ராணுவ ஜீப் பச்சை அடிக்க ஆசை. முடியுமா?

ஓசூர்_சர்பேசர்:

தம்பி, கலர் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகிறது என்று எழுதினீர்களே, உங்கள் வண்டியின் விஷயமே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. நான் ஓசூரில் ஒரு வாகனக் கம்பெனியின் பெயிண்ட் லைனில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். அங்கேயும் சரி, வெளியேயும் சரி, பெயிண்ட் கெட்டுப்போனது என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் பெயிண்டின் மேல் குற்றம் இருக்காது. அதற்கு அடியில் செய்த வேலை, அல்லது செய்யாமல் விட்ட வேலைதான் மேலே வந்து நிற்கும்.

முதலில் வண்டியைக் கழற்றுங்கள். பம்பர், லைட், பீடிங், கதவு ரப்பர், கதவு உள்பக்க அட்டை, சீட், மேட் எல்லாம். புளிய மரத்தடி என்கிறீர்கள், அப்படியென்றால் வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகும் இடத்தில் கை விட்டுப் பாருங்கள். புளிய இலை சின்னது, எந்தச் சந்திலும் புகுந்து மக்கி, ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். அங்கிருந்து வழிகிற தண்ணீர்தான் பல வண்டிகளில் டிரைவர் காலடியைத் தின்கிறது. அதைச் சரிசெய்யாமல் தரைக்கு மட்டும் புதுத் தகடு வைத்தால் அடுத்த ஐப்பசி மழையில் மறுபடி ஆரம்பித்துவிடும். கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் இருக்கும். உங்கள் கதவுகள் கீழே கொப்பளித்ததற்குக் காரணம் அநேகமாக அவை அடைந்து போனதுதான். கம்பி விட்டுத் திறந்து விடுங்கள், பெயிண்ட் அடித்த பிறகும் திறந்தே இருக்கிறதா என்று பாருங்கள்.

உரிக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். ஒரு வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து, மறைவான இடத்தில் நன்றாக அழுத்தித் தேயுங்கள். துணியில் கலர் கரைந்து வந்தாலோ, பெயிண்ட் பிசுபிசுத்துச் சுருங்கினாலோ, மேலே இருப்பது என்.சி. அல்லது காற்றில் காய்ந்த எனாமல். அதன்மேல் நேராக பி.யூ. அடித்தால் புதுப் பெயிண்டின் தின்னர் பழையதைத் தூக்கிச் சுருட்டிவிடும். ஒன்றும் ஆகவில்லை என்றால் சூட்டில் சுட்ட கம்பெனி பெயிண்டாக இருக்கலாம், அது தகட்டை நன்றாகப் பிடித்திருக்கும் இடங்களில் உரிக்கத் தேவையில்லை, தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் போதும். உங்களுக்கு பானெட் உரிகிறது, கதவு கொப்பளிக்கிறது, அதனால் அந்தப் பகுதிகளை வெறும் தகடு வரை கொண்டுபோங்கள். ரூஃபையும் டிக்கியையும் தின்னர் டெஸ்ட் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் போட்டு பானெட்டின் மேல் ஓட்டாதீர்கள். தகடு சூடேறி வளைந்துவிடும், பிறகு அதை நேராக்குவது பெயிண்ட் அடிப்பதைவிடப் பெரிய வேலை. கறுப்பு நைலான் டிஸ்க் கிடைக்கிறது, பெயிண்டை மட்டும் எடுக்கும், தகட்டை அவ்வளவாகத் தின்னாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், போட்டிருந்த உடுப்போடு வீட்டுக்குள் போகவும் வேண்டாம்.

துரு எடுக்க பாஸ்பாரிக் ஆசிட் கலந்த திரவங்கள் கடையில் இருக்கின்றன. நல்லவைதான், ஆனால் தடவியதைக் கழுவி, முழுக்க உலர்த்திய பிறகே எபாக்ஸி பிரைமர் (வெறும் தகட்டின் மேல் போகும் முதல் கோட்) அடிக்க வேண்டும். ஆசிட் மிச்சம் இருக்கும் தகட்டில் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது, பாளம் பாளமாகக் கழன்று வரும். வெறும் தகட்டை ராத்திரி அப்படியே விடாதீர்கள், மார்கழிப் பனியில் காலைக்குள் மஞ்சள் பூத்துவிடும். ஒரு நாளில் எவ்வளவு பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவு மட்டும் உரியுங்கள்.

இனி பட்டி. பட்டி எதிரி இல்லை, 2, 3 மி.மீ. வரை பள்ளம் நிரப்ப அதுதான் சரியான பொருள். ஓட்டையை மூடப் பயன்படுத்தினால்தான் வம்பு. நான் எபாக்ஸி பிரைமருக்கு மேலேதான் பட்டி போடுவேன், அப்போது தகடு எங்கேயும் திறந்து கிடக்காது. பட்டியை இறுக வைக்கும் ஹார்டனரை எடையில் நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கலந்தால் போதும். சீக்கிரம் காயட்டும் என்று அதிகம் போட்டால் அந்த ஹார்டனர் வெள்ளைப் பெயிண்டில் மாதக்கணக்கில் கழித்துக்கூடக் கறையாக மேலே வரும். நம் ஊர்ப் பட்டறைகளில் ஹோஸ் பிடித்துப் பட்டியின் மேல் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். பட்டி பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும், வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும், அடுத்த வெயிலில் கொப்புளமாக எழும். 80, அப்புறம் 180 நம்பர் உப்புத்தாளில், தண்ணீர் இல்லாமல், கட்டை வைத்துத் தேயுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் போன இடமெல்லாம் பள்ளம்.

தண்ணீர்த் தேய்ப்பு சர்பேசருக்கு (கலருக்கு முன்னால் அடிக்கும் கோட்) மேல்தான். அதிலும் தர்மபுரிப் பக்கம் போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும், ஃப்ளோரைடுக்குப் பயந்துதான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்த உப்புத் தண்ணீர் தகட்டின் மேலேயோ சர்பேசரின் மேலேயோ காய்ந்தால் வெள்ளைத் திட்டாக உப்பு தங்கும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அந்த உப்பு ஈரத்தை இழுத்து அடியிலிருந்து கொப்புளம் கிளப்பும். கடைசிக் கழுவலுக்காவது மழைத் தண்ணீரோ ஒகேனக்கல் தண்ணீரோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலம்_கம்ப்ரஷர்:

சர்பேசர் ஐயா சொன்ன அடிவேலையில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கலர் என்று வரும்போது வீட்டில் அடிப்பவருக்கு என்.சி.தான் என்பேன். சீக்கிரம் காயும், தூசி உட்கார நேரம் கிடைக்காது. பெயிண்ட் வழிந்து ஓடிவிட்டால் மறுநாள் தேய்த்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம். பத்மினி காலத்து வண்டிக்கு அந்த மெதுவான பளபளப்புதான் பொருத்தமும்கூட. பி.யூ. அடித்த பழைய வண்டியைப் பார்த்தால் எனக்கு பிளாஸ்டிக் உறை போட்ட சோபாதான் ஞாபகம் வருகிறது.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடியில் கை சும்மா இருக்கும் என்கிறீர்கள். ஆடிக் காற்றில் பெயிண்ட் அடித்தால் பாலக்கோட்டுச் செம்மண் முழுக்க உங்கள் பானெட்டில் இருக்கும். ஆடி, ஆவணியில் கழற்றுவது, டிங்கர் வேலை (தகடு வேலை), பட்டி, எபாக்ஸி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஷெட்டுக்குள் கட்டை பிடித்துத் தேய்க்கலாம். கலர் தை பிறந்த பிறகு, மாசிக்குள். சித்திரை மதியத்தில் அடித்தால் துளி தகட்டில் விழுவதற்குள்ளேயே காய்ந்து சொரசொரவென்று நிற்கும். மழை ஈரத்தில் என்.சி. அடித்தால் வெள்ளை பூத்துவிடும், தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிவதால் வருவது. அதற்கு மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னர் உண்டு, ஆனால் நல்ல நாள் பார்த்து அடிப்பதே சுலபம்.

2 எச்.பி. கம்ப்ரஷர் போதும், ஆனால் முழு வண்டியையும் ஒரே மூச்சில் அடிக்க முடியாது. ஒரு கதவு அடித்து, டாங்க் நிரம்பும் வரை நின்று, அடுத்த கதவு. சொலிட் கலருக்கு அது ஒத்துவரும், மெட்டாலிக் என்றால் பேனலுக்குப் பேனல் நிறம் மாறித் தெரியும், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஸ்ப்ரே கன்னுக்கு முன்னால் தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும், டாங்க்கின் அடி வால்வையும் தினமும் திறந்து விட வேண்டும். சர்பேசருக்கு 1.8 மி.மீ. நாசில், கலருக்கு 1.4. தகட்டில் இருந்து ஒரு ஜாண் தூரம், முன் போன பட்டையில் பாதியை மூடிக்கொண்டு அடுத்தது போக வேண்டும். கையை வளைத்து வீசினால் நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் மெலிசாகவும் விழும், ஆள்தான் நகர வேண்டும், மணிக்கட்டு இல்லை. முதலில் பழைய தகரத்தில் அடித்துக் கை பழக்குங்கள். கம்ப்ரஷரை ஷெட்டுக்கு வெளியே வையுங்கள், தின்னர் ஆவியில் மோட்டார் பொறி ஒன்று போதும்.

இன்னொன்று. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு, தலையைத் தடவிய கையோடு பேனலைத் தொடாதீர்கள். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் ஷெட்டுக்குள்ளேயே வேண்டாம், அதில் இருக்கும் சிலிகான் ஒரு துளி பட்டாலும் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் மீன் கண் போல விலகி நிற்கும்.

ஓசூர்_சர்பேசர்:

கம்ப்ரஷர் தம்பி, காலக் கணக்கு அருமை, அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். என்.சி. விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. தோட்டத்தில், வெயிலில் நிற்கப்போகிற வண்டி. என்.சி. வெயிலுக்கு மங்கும், பெட்ரோல் சிந்தினால் கரையும், பறவை எச்சம் அன்றே துடைக்காவிட்டால் கறை, விடாமல் பாலிஷ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஷெட்டுக்குள் வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பவருக்கு சரி.

ஆனாலும் பி.யூ.வை வீட்டில் அடியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலில் போனால் ஆஸ்துமா வரும், ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைக்கும், வாழ்நாள் முழுக்க. துணி முகமூடி அதற்கு ஒன்றுமே இல்லை. ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்கிலும் ஒரு சிக்கல் உண்டு, கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது என்று வாசனை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இந்தப் பொருள் மூக்குக்குத் தெரியும் முன்பே கெடுதல் செய்துவிடும். வெளிக்காற்றைக் குழாயில் முகத்துக்குக் கொண்டுவரும் மாஸ்க் வேண்டும். "நான் இத்தனை வருஷமா கைக்குட்டை கட்டிக்கிட்டுதான் அடிக்கிறேன்" என்று சொல்லும் பெயிண்டர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்கள் மாடிப்படி ஏறும்போது பாருங்கள். பெயிண்ட் கடைக்காரர் தரும் சர்பேசரும் டூகே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) வகை என்றால் அதன் ஹார்டனரிலும் இதேதான், டப்பாவைப் படியுங்கள். எபாக்ஸியில் பொதுவாக இந்த வம்பு இல்லை, ஆனால் அது தோலுக்கு ஆகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தின்னர் ஆவிக்குக் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் அதற்கும் வேண்டும்.

நான் சொல்வது இதுதான். தகடு வேலை, உரிப்பது, எபாக்ஸி, பட்டி, தேய்ப்பு எல்லாம் உங்கள் ஷெட்டில். பட்டறையில் காசு அதிகம் போவதும், ஏமாற்று நடப்பதும் இந்த இடத்தில்தான், பொறுமை உள்ளவன் வீட்டில் செய்தால் அவர்களைவிட நன்றாகவே வரும். கலர் கோட்டை மட்டும் பூத் (பெயிண்ட் அடிக்கும் தனி அறை) வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுங்கள்.

கிருஷ்ணகிரி_டிங்கர்:

மூன்று பேரும் பெயிண்டைப் பேசிக்கொண்டே ரன்னிங் போர்டைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அம்பாசடருக்கோ பத்மினிக்கோ தனி சேஸி ஃபிரேம் கிடையாது அண்ணா, பாடியேதான் சேஸி. ரன்னிங் போர்டு அழகுக்கு வைத்த தகடு இல்லை, வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்து, அப்புறம் கதவு சாத்தவே சாத்தாது. கதவுகளை மாட்டி வைத்துக்கொண்டு, இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்து, கதவு வாசலின் குறுக்கே ஆங்கிள் பட்டை ஒன்றை வெல்டிங் பொட்டு வைத்துப் பிடித்துக்கொண்டு, அதன்பிறகு ஒரு பக்கம் மட்டும் வெட்ட வேண்டும். வண்டி ஜாக்கியில் தொங்கக் கூடாது, நாலு இடத்திலும் ஸ்டாண்டில் சமமாக உட்கார வேண்டும்.

துருவின் மேல் ஒட்டுத் தகடு வைக்காதீர்கள். அப்படி வைத்துவிட்டு மேலே பட்டி போட்டு மூடுவதைத்தான் அந்தப் பட்டறை ஒரு வாரத்தில் செய்து தருவதாகச் சொன்னது. துரு முடிந்து, தட்டினால் கிண்ணென்று சத்தம் வரும் இடம் வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டு, 20 கேஜ் சாதாரண இரும்புத் தகட்டை அளவாக வெட்டி உட்கார வைக்க வேண்டும். ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். அதன் துத்தநாகப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் அடிக்கும், வெல்டும் சுத்தமாக நிற்காது. வீட்டில் இருக்கும் குச்சி ஆர்க் வெல்டிங் இந்த மெல்லிசுக்கு ஆகாது, ஓட்டை போடும். கேஸ் வெல்டிங் செய்யலாம், சூடு பரவி வளைக்கும், கை தேர்ந்தவர் வேண்டும். சி.ஓ.டூ வெல்டிங்கில் 0.8 மி.மீ. கம்பி போட்டு, இங்கே ஒரு பொட்டு, ஒரு அடி தள்ளி ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்தால் தகடு அடங்கி இருக்கும்.

இதை நீங்களே கற்றுக்கொண்டு செய்யலாம், ஆனால் கற்றுக்கொள்வதை ரன்னிங் போர்டில் ஆரம்பிக்க வேண்டாம், டிக்கிக்குள் ஒரு சின்னத் துண்டில் ஆரம்பியுங்கள். ரன்னிங் போர்டுக்கு ஒரு டிங்கரை ஷெட்டுக்கே கூப்பிடுங்கள், மெஷினோடு வருபவர்கள் காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி, பெட்ரோல் டாங்க்கையும் இறக்கி வெளியே வைத்த பிறகுதான் தீ. காலி டாங்க்தானே என்று விடாதீர்கள், நிரம்பிய டாங்க்கைவிட ஆவி மட்டும் இருக்கும் காலி டாங்க் மோசம். வெல்டிங் முடிந்ததும் இணைப்புகளில் சீலர் இழுத்து, ரன்னிங் போர்டின் உள்பக்கம் எட்டும் வரைக்கும் மெழுகுக் கோட்டிங்கைப் பெயிண்ட் வேலை எல்லாம் முடிந்த பிறகு அடியுங்கள். முன்னாலேயே அடித்தால் அது கசிந்து கம்ப்ரஷர் அண்ணன் சொன்ன மீன் கண் நிச்சயம்.

பெண்ணாகரம்_ஆர்சி:

பச்சையைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. ராணுவ ஆலிவ் பச்சையை ராணுவ வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் அடிக்கக் கூடாது, மத்திய மோட்டார் வாகன விதி 121 அதைத்தான் சொல்கிறது. வேறு கலர் என்றால் அடிக்கலாம், ஆனால் ஆர்.சி.யில் கலர் பதிவாகி இருக்கும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி மாற்றிப் பதிய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லுங்கள். அதே வெள்ளை என்றால் இந்த அலைச்சல் எதுவும் கிடையாது.

பாலக்கோடு_பத்மினி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பச்சையை விட்டுவிட்டேன், வெள்ளைதான். நேற்று வைப்பருக்குக் கீழே கை விட்டேன், ஒரு கூடை புளிய இலை வந்தது, அடியில் மண்புழுகூட இருந்தது. ரன்னிங் போர்டுக்கு டிங்கரைக் கூப்பிடுகிறேன், தரையை நானே பழகிப் பார்க்கிறேன். எபாக்ஸி, சர்பேசர் வரை ஷெட்டில், கலருக்கு ஓசூர்.

சந்தேகம் ஒன்று. ஓசூரில் ஒருவரிடம் போனில் கேட்டேன், "அடிவேலை நீங்க செஞ்சா நான் கேரண்டி தர மாட்டேன்" என்கிறார். அது நியாயமா? அப்புறம் சர்பேசர் அடித்த வண்டியை ராயக்கோட்டை வழியாக ஓட்டிக்கொண்டே போகலாமா?

ஓசூர்_சர்பேசர்:

அவர் சொல்வது நியாயம்தான், அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதே. கேரண்டி கேட்காதீர்கள், ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வைத்துக் காட்டுங்கள். எந்த எபாக்ஸி, எந்த சர்பேசர் என்று டப்பாவையும் காட்டுங்கள், முடிந்தால் அவர் அடிக்கப்போகும் கம்பெனியின் பொருளையே வாங்குங்கள். அதைப் பார்த்த பிறகும் முடியாது என்றால் வேறு ஆள்.

ஓட்டிப் போகாதீர்கள். லைட், பம்பர் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது, மாட்டி ஓட்டினால் திரும்பக் கழற்றும்போது கீறும். மேலே தார்ப்பாய் போட்டு டோ வண்டியில் ஏற்றுங்கள், மழை இல்லாத நாளாகப் பாருங்கள், சர்பேசர் ஈரத்தை உறிஞ்சும். தார்ப்பாய் தகட்டில் உரசாமல் உள்ளே பழைய பருத்திப் புடவை ஒன்றை விரித்துக் கட்டுங்கள். இறக்கியதும் பூத்காரர் ஒருமுறை 600 நம்பர் தாளில் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் அடிப்பார், அதனால் வழியில் விழுகிற சின்னக் கீறலுக்குக் கவலை வேண்டாம். சர்பேசரை மட்டும் கொஞ்சம் தாராளமாகவே அடித்துக் கொண்டுபோங்கள், அந்தத் தேய்ப்பில் எபாக்ஸி வரை போய்விடாமல் இருக்கும்.